எழுதாமல் விட்ட வரி

ஆய்வு நோட்டில் ஒரு வரியை நான் எழுதவில்லை. அது எழுத வேண்டிய வரி என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் எழுதவில்லை. அதன்பின் ஒரு பெண் என்னிடம் நேராகவே கேட்டாள். அவளிடம் பொய் சொன்னேன்.

அவளுடைய படிப்பு பாதியில் நின்றது. வாய்ப்புற்று நோயாளிகள் எங்களை நம்பிக் கொடுத்த திசுக்கள் குப்பைக்குப் போயின. லேபின் பெயரையும் ஆட்களின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் தவறில்லை. தவறு முழுக்க என்னுடையது.

என் ஊர் நெய்யூர். வாய்ப்புற்று எப்படியிருக்கும் என்று நெய்யூரில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்து தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரிக்குத் திருவிதாங்கூர் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டுக் கன்னம் அழுகியவர்கள் அவர்களில் ஏராளம். இங்கே வேலை பார்த்த ஐ. எம். ஆர் என்ற மருத்துவர் 1933-இல் லான்செட் இதழில் அதைப் பற்றியே எழுதினார். எனக்கு அந்தக் கட்டுரை தெரிவதற்கு வெகு முன்பே, வாய்ப்புற்று வந்த என் பெரியம்மையைத் தெரியும். ரேடியேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அவளால் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. மரச்சீனிக் கிழங்கைக் கஞ்சியில் கரைத்து, கடைவாய் ஓரமாகக் கரண்டியால் விடுவோம். பாதி வெளியே வழிந்துவிடும். அவள் வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆகவே வாய்ப்புற்றுச் செல்களை ஹைட்ரோஜெல் மணிகளுக்குள் வளர்க்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது, அது எனக்கென்றே வந்த வேலை என்று எண்ணினேன். அம்மை அக்கம்பக்கத்தில், “எங்க பிள்ளை புற்றுக்கு மருந்து கண்டுபிடிக்கா” என்று சொன்னாள். அது உண்மையில்லை. நாங்கள் கண்டுபிடிக்க நினைத்தது மருந்தை அல்ல, மருந்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியை. அம்மையை நான் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது. என் கர்வம் அங்கே தொடங்கியது என்று இப்போது தெரிகிறது.

நடந்ததை நீங்கள் எடைபோட வேண்டுமானால் வேலை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். கண்ணாடிப் பட்டையின் மேல் தெளிவான சிலிக்கோன் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் ஐம்பது மைக்ரான் அகலத்தில் கால்வாய்கள். அதைச் சிப் என்போம். நடுக்கால்வாயில் செல்கள் கலந்த அல்ஜினேட் கரைசல் வரும். இரண்டு பக்கமிருந்தும் எண்ணெய் வந்து அதை நெருக்கும். நெருக்குகிற இடத்தில் கரைசல் சொட்டுச் சொட்டாக அறுந்து விழும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் விழும். எல்லாம் ஒரே அளவில் இருக்கும். அந்தச் சொட்டு இறுகினால் அதுதான் மணி. பாயசத்தில் வெந்த சவ்வரிசியை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படியோ அப்படி. உள்ளே இருக்கும் செல்லுக்கு உணவும் ஆக்சிஜனும் மருந்தும் எளிதாகப் போய்ச்சேரும்.

அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் கடலில் இறங்கிச் சர்காசம், டர்பினேரியா என்று சேகரிக்கிறார்களே, அந்தப் பாசிகளில் இருப்பதுதான். அதற்குள் செல்லை வைப்பதும் புதிதல்ல. 1980-இல் லிம், சன் என்ற இருவர் கணையத்துச் செல்களை அல்ஜினேட்டுக்குள் பொதிந்து எலிகளுக்கு வைத்தார்கள். எலிகளின் சர்க்கரை சில வாரங்கள் கட்டுக்குள் இருந்தது. கால்வாய்க்குள் சொட்டு அறுக்கும் வித்தை 2001-இலும் 2003-இலும் அமெரிக்க ஆய்வகங்களிலிருந்து வந்தது. இப்போது ஒவ்வொரு செல்லின் மரபணுச் செயல்பாட்டையும் தனித்தனியாகப் படிப்பதற்கும், ஆறாத புண்ணில் நிரப்புவதற்கும் இதுபோன்ற ஹைட்ரோஜெல் மணிகள் பயன்படுகின்றன.

சிக்கல் இறுகுகிற இடத்தில் இருக்கிறது. அல்ஜினேட்டோடு கால்சியம் சேர்ந்தால் உடனே இறுகிவிடும். கால்வாய்க்குள் இறுகினால் சிப் அடைத்துக்கொள்ளும். அதனால் கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளோடு கட்டிப்போட்டுக் கரைசலில் கலப்போம். எண்ணெயில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்ப்போம். சொட்டு அறுந்தபின் அமிலம் உள்ளே ஊறும். ஈ.டி.டி.ஏ. பிடியை விடும். கால்சியம் வெளியே வந்து மணி ஒரே சீராக இறுகும். ஹார்வர்டில் டேவிட் வைட்ஸின் குழு 2015-இல் இந்த வழியில் செல்களை மணிக்குள் வைத்து வளர்த்துக் காட்டியது. நாங்கள் அதைப் பின்பற்றினோம்.

ஆனால் அமிலம் அமிலம்தான். மணி இறுகியதும் எண்ணெயிலிருந்து பிரித்துக் கழுவி வளர்ப்பு மீடியத்தில் போட்டுவிட வேண்டும். சில நிமிடங்களைச் செல் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

எனக்கு முதன்முதலாக நன்றாக வந்த நாளில் கரைசலைத் தள்ளும் பம்பில் காற்றுக்குமிழி வந்துகொண்டே இருந்தது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை நிறுத்தினேன். நிறுத்தும்போதெல்லாம் சேர்ந்த மணிகளை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த மணிகளைச் சேர்க்கப் புதுக் குழாய் மாட்டினேன். எரிச்சலோடு செய்தேன். அன்று செல்கள் பிழைத்தன. உயிருள்ள செல்லுக்குப் பச்சையும் செத்ததற்குச் சிவப்பும் காட்டும் சாயங்கள் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த இடமெல்லாம் பச்சை. நான் துள்ளினேன். நோட்டில் ஓட்ட வேகம் எழுதினேன். அமிலத்தின் அளவு எழுதினேன். “மணிகளைச் சேர்த்துக் கழுவியது” என்று எழுதினேன். குழாய் மாற்றியதை எழுதவில்லை. அதைப் பம்பின் கோளாறாக நினைத்தேன். சோதனையின் பகுதியாக நினைக்கவில்லை.

அது கவனக்குறைவு. அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அன்றைய முடிவை வைத்து எழுதிய கட்டுரை ஆய்வு இதழுக்குப் போனது. ஏற்கப்பட்டது. அதற்குப்பின் பம்பைச் சரிசெய்து, நிறுத்தாமல் நெடுநேரம் ஓட்டினேன். செல்கள் செத்தன. மறுபடியும் செத்தன. ஏன் என்று எனக்குச் சீக்கிரமே புரிந்தது. முதலில் விழுந்த மணி, கடைசி மணி விழும்வரை அமில எண்ணெயிலேயே கிடக்கிறது. அன்று செல்களைக் காப்பாற்றியது என் திறமை அல்ல, பம்பின் கோளாறு.

அந்த மாலையே என் ஆய்வுக் கைடிடம் சொல்லியிருக்கலாம். ஒரு திருத்தம் அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த வழியில் எவ்வளவு வேண்டுமானாலும் மணி செய்யலாம் என்று ஒரு கருத்தரங்கில் நான் பேசியிருந்தேன். கைதட்டினார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கையால் குழாய் மாற்ற வேண்டும் என்றால், அந்தப் பேச்சு பொய்யாகிவிடும். அடுத்த ஃபெலோஷிப்புக்கு அந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தேன். பயந்தேன். அமிலமே இல்லாத ஒரு வழியும் அப்போது இருந்தது. நார்வேயில் டிரான்ட்ஹைமிலுள்ள பல்கலைக்கழகத்தார் 2016-இல் எழுதியது. கைடு ஒருமுறை அதைக் குறிப்பிட்டு, “பார்க்கலாமா?” என்று கேட்டார். தேவையில்லை சார், நம் வழியே நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாக இல்லை என்று தெரிந்தே அப்படிச் சொன்னேன்.

அந்தப் பெண் லேபுக்கு வந்தது அதற்குப் பிறகு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவளிடம் என் நோட்டைக் கொடுத்து, இதன்படி செய் என்றார்கள். நான் வேறு வேலைக்கு நகர்ந்திருந்தேன். அதே அறையில், அடுத்த மேசையில்.

அவளுக்குச் செல்கள் செத்தன. அவள் முதலில் தன் கையைச் சந்தேகப்பட்டாள். செல்களை மாற்றினாள். மீடியத்தை மாற்றினாள். கிருமித்தொற்று இருக்கிறதா என்று சோதித்தாள். புது அல்ஜினேட் வாங்க வைத்தாள். பிறகு, தான் அவசரப்படுகிறோமோ என்று நினைத்து ஓட்ட வேகத்தைக் குறைத்தாள். வேகம் குறைந்தால் அதே அளவு மணி சேர அதிக நேரம் ஆகும். அதிக நேரம் என்றால் அதிக அமிலம். அவள் எவ்வளவு கவனமாகச் செய்தாளோ அவ்வளவு செல்கள் செத்தன. இதை அடுத்த மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாலை என் பக்கத்தில் வந்து நின்றாள். கையுறையைக் கழற்றியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் மேசையில் படாமல் தூக்கி வைத்திருந்தாள்.

“அக்கா, நீங்க ஒரே தடவையா எவ்ளோ நேரம் சேர்த்தீங்க? நோட்டுல நேரம் போடலையே.”

அவள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். இரண்டு நிமிடம் என்று சொன்னால் போதும். அவ்வளவுதான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நோட்டுல இருக்கிறபடிதான் செஞ்சேன்” என்றேன். அதோடு நிற்கவில்லை. “கை பழகணும். எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்” என்றேன்.

இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். முதல் வாக்கியம் என்னைக் காப்பாற்றச் சொன்னது. இரண்டாவது, குற்றத்தை அவள் கைக்கு மாற்றியது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் என்னை நம்பினாள்.

அதற்குள் ஒரு மருத்துவமனையிலிருந்து திசுக்கள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி அல்ல, வேறு ஊர். வாய்ப்புற்று அறுவையில் எடுக்கும் சதையில் சிறு பகுதி, ஐஸ் பெட்டியில் வரும். அதைச் செல்களாகப் பிரித்து, மணிகளில் வைத்து, பல மருந்துகளைக் கொடுத்து எது வேலை செய்கிறது என்று பார்ப்பது திட்டம். நிறைய மருந்துகளுக்கு நிறைய மணிகள் வேண்டும். நிறைய மணிகளுக்கு நெடுநேரம் ஓட்ட வேண்டும். எல்லாம் சிவப்பு.

குழாயின் மேல் நோயாளியின் பெயர் இருக்காது. ஓர் எண் இருக்கும், வயது இருக்கும், கன்னமா நாக்கா என்று இருக்கும். ஒரு குழாயில் என் பெரியம்மையின் வயது இருந்தது. கன்னம் என்று இருந்தது. அந்தக் குழாயை அந்தப் பெண்தான் திறந்தாள். நான் பார்த்தேன். அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான் டீ குடிக்கக் கீழே போனேன்.

உண்மையை அவளே கண்டுபிடித்தாள். நாங்கள் பயன்படுத்தும் எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. அதனால் மணிகள் மிதக்கும். முதலில் விழுந்தவை மேலே போகும், புதியவை அடியில் சேரும். அவள் குழாயைக் குலுக்காமல், மேலடுக்கிலிருந்து கொஞ்சமும் கீழடுக்கிலிருந்து கொஞ்சமும் பைபெட்டால் தனித்தனியாக எடுத்துச் சாயம் போட்டாள். மேலே இருந்தவை சிவப்பு. கீழே இருந்தவை பச்சை. இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான சோதனையை நான் அந்த லேபில் பார்த்ததில்லை. நான் எதையும் அப்படிச் சோதித்து அறியவில்லை. ஒரு கோளாறு நடந்தது, பின்னர் ஊகித்தேன். அவள் நிரூபித்தாள்.

“அக்கா, நேரம்தான் அக்கா! நேரம்தான்!” என்று ஓடிவந்தாள்.

நான் வியந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். “அட, இதை எப்படி யோசிச்சே?” என்று கேட்டேன். அவள் தோளில் தட்டினேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

அவள் கண்டுபிடித்தபோது ஃபெலோஷிப் முடியும் தறுவாயில் இருந்தது. காட்டுவதற்கு முடிவுகள் இல்லை. முடிவுகள் இல்லாதவளுக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. வீட்டில் பொறுக்க முடியாத நிலைமை. அவள் போய்விட்டாள். இப்போது ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறாள். கெட்ட வேலை இல்லை. ஆனால் அவள் விரும்பி வந்த வேலை அது இல்லை. அவளுக்குப் போட்ட வழியனுப்புக் கூட்டத்தில் அவளைப் பாராட்டி நானும் பேசினேன்.

நெய்யூரில் சோமர்வெல் என்ற பெயர் தெரியாத குழந்தை இல்லை. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்தார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 1924-இல் அவர் சுமார் 8,500 மீட்டர் உயரம் போனதைச் சொல்வார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். 1922 ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். முன்னால் போன வெள்ளைக்காரர்களில் ஒருவரும் சாகவில்லை. சோமர்வெல் அவர்களில் ஒருவர். தாங்கள் பிழைத்ததையும் அவர்கள் செத்ததையும் நினைத்துத் தனக்கு ஏற்பட்ட வெட்கத்தை அவர் பிற்பாடு தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதினார். அதே 1922-இல்தான் அவர் முதன்முதலாக நெய்யூருக்கு வந்தார். இங்கே காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துத் தங்க முடிவுசெய்தார். அவரோடு என்னை ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை நான் படித்தது, அந்தப் பெண் போன பிறகு. படித்தும் வாயைத் திறக்கவில்லை. நல்ல புத்தகம் படித்ததால் திருந்தினேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரா நிறுவனத்தார் செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவதுதான் 1990-இல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எது உடைந்தது, எது தேய்ந்தது என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். மாணவர்களுக்கு இதை நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் நோட்டு பூட்டிய அலமாரியில் இருந்தது.

என்னைப் பேச வைத்தது ஒரு மின்னஞ்சல். முகம் தெரியாத ஒரு மாணவர், வேறு மாநிலத்திலிருந்து எழுதியிருந்தார். உங்கள் கட்டுரையின்படி செய்கிறேன், செல்கள் சாகின்றன, என் கைதான் சரியில்லையோ என்று கேட்டிருந்தார். அந்தப் பெண் சந்தேகப்பட்டதும் அதையேதான். இன்னும் எத்தனை பேர் தங்கள் கையைப் பழித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அன்றே உண்மையை எழுதினேன். மறுநாள் கைடிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. “அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போறே?” என்று மட்டும் கேட்டார். இதழுக்குத் திருத்தம் அனுப்பினோம். சேர்க்கும் நேரம், குழாய் மாற்றியது, நெடுநேரம் ஓட்டினால் செல்கள் சாவது, மூன்றையும் எழுதினோம். அதை நிரூபித்தது யார் என்றும் அவள் சம்மதத்தோடு எழுதினோம்.

அவளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “கை பழகணும்” என்று சொன்னபோது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “டிஷ்யூ குடுத்தவங்களுக்கு யாருக்கா சொல்லுவா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் போனை வைத்துவிட்டாள். திருத்தத்தில் பெயர் போடச் சம்மதம் என்பதைக் கைடுக்குத்தான் எழுதினாள், எனக்கு எழுதவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மை முதலில் கேட்டது, “பொறவு அந்தப் பிள்ளைக்கு என்னவாச்சு மக்கா?” என்பது. சொன்னேன். அதன்பின் அக்கம்பக்கத்தில் என் வேலையைப் பற்றி அவள் பேசுவதில்லை.

திசு அனுப்பிய மருத்துவரையும் பார்த்தேன். எங்களிடம் எண்கள்தான் இருந்தன. அவரிடம் பெயர்கள் இருந்தன. சிலர் இறந்துவிட்டார்கள் என்றார். இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதை அவர் தங்கள் நெறிமுறைக் குழுவிடம் விட்டார். இனி எங்கள் லேபுக்குத் திசு அனுப்புவதில்லை என்றும் சொல்லிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் செய்தது சரி. அதனால் இப்போது இரண்டு மாணவர்களின் வேலை நின்றுபோயிருக்கிறது. அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அவர்கள் இழந்ததும் என் கணக்கில்தான் சேரும்.